பேனா பிடிக்கும் கை

புகைப்படம் திருத்த கிராஃபிக்ஸ் டேப்லெட் வாங்க வருகிறவர்கள் பெட்டியில் அச்சிட்ட எண்களைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது தங்கள் மேஜைக்கு வரும் வேலையை.

எந்த ஊர் ஸ்டூடியோவிலும் நடக்கும் காட்சிதான். வயதான பெண்மணி ஒருவர் பிளாஸ்டிக் உறையிலிருந்து சிறிய படம் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைப்பார். பாஸ்போர்ட் அளவு, கறுப்பு வெள்ளை. ஓரங்கள் மஞ்சளாகி, பூஞ்சை படர்ந்து, நெற்றியிலிருந்து கன்னம் வரை ஒரு மடிப்பு விழுந்திருக்கும். கணவர் காலமாகிவிட்டார். வீட்டில் மிஞ்சியிருப்பது இந்த ஒரு படம்தான். “பெரிசாப் போட்டு ஃப்ரேம் பண்ணிக் குடு தம்பி. முகம் மட்டும் மாறாம இருக்கணும்” என்பார்.

முதல் வாக்கியம் சுலபம். ஸ்கேனரில் வைத்து 1,200 புள்ளிகள் என்ற அளவில் படத்தை எடுத்தால், நாலரை சென்டிமீட்டர் உயரமுள்ள படத்திலிருந்து சுமார் 2,100 பிக்சல்கள் கிடைத்துவிடும். பத்து அங்குல உயரத்தில் சுவரில் மாட்ட அது போதும். சிக்கல் இரண்டாவது வாக்கியத்தில் இருக்கிறது. மடிப்பு சரியாகப் புருவத்தின்மேல் போகிறது. பூஞ்சை கண்ணின் ஓரத்தைத் தின்றிருக்கிறது. அங்கே என்ன இருந்தது என்பதை மிச்சமிருக்கும் அடையாளங்களிலிருந்து கண்டுபிடித்து, ஒவ்வொரு புள்ளியாக நிரப்ப வேண்டும்.

ஸ்டூடியோக்காரருக்கு முன்னால் இரண்டு குறுக்கு வழிகள். ஒன்று மௌஸ். ஆனால் மௌஸால் புருவம் வரைவது உலக்கையால் கோலம் போடுகிற வேலை. மற்றொன்று செயற்கை நுண்ணறிவு. பொத்தானை அழுத்தினால் சில வினாடிகளில் பளிச்சென்று ஒரு முகம் வந்துவிடும். கண்ணில் ஒளி, தோலில் மினுமினுப்பு, தலைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாக. ஒரே குறை: அது அவருடைய கணவரின் முகமாக இருக்காது. ஏராளமான முகங்களைப் பார்த்துப் பழகிய இயந்திரம், காணாமல் போன இடத்தைத் தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு முகத்தால் நிரப்புகிறது. வேறு யாருக்கும் வித்தியாசம் தெரியாமல் போகலாம். அந்தப் பெண்மணிக்குத் தெரியும்.

இந்த இடத்தில்தான் மூன்றாவது வழி வருகிறது: பேனா. கம்ப்யூட்டருடன் இணைக்கும் கிராஃபிக்ஸ் டேப்லெட்.

பென்சில் காலத்து வேலை

பேனாவால் படம் திருத்துவது புது நாகரிகம் அல்ல. ஃபிலிம் காலத்தில் பெரிய ஸ்டூடியோக்களில் இதற்கென்றே தனியாக ஒருவர் இருப்பார். ‘டச்சிங்’ செய்பவர். சாய்வான மரப் பெட்டி ஒன்று அவருடைய மேஜை. நடுவே ஒரு துளை, அதன்மேல் நெகடிவ், கீழே வெளிச்சத்தை மேலே அனுப்ப ஒரு கண்ணாடி. நெகடிவின் மேல் லேசாக ஒரு திரவத்தைத் தடவி, ஊசிபோல் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைப்பார். நெகடிவில் கருமை கூடினால் பிரின்டில் அந்த இடம் வெளுக்கும். கண்ணுக்குக் கீழே விழுந்த குழியும், நெற்றிச் சுருக்கமும் அப்படித்தான் மறைந்தன. அதிகக் கருமையைக் கூர்மையான கத்தியால் சுரண்டி எடுப்பதும் உண்டு. பிரின்டில் வெள்ளைப் புள்ளி விழுந்தால் மெல்லிய தூரிகையால் மசி வைத்து மூடுவார்கள். கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டுவதும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இந்திய ஸ்டூடியோக்களின் வழக்கம்.

அந்த வேலையின் ரகசியம் அழுத்தம். பென்சிலை எவ்வளவு லேசாக வைக்கிறார் என்பதில்தான் கைத்திறன். டார்க்ரூமிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறியபோது பெயர்கள் தப்பிப் பிழைத்தன. ஃபோட்டோஷாப்பில் உள்ள ‘டாட்ஜ்’, ‘பர்ன்’ இரண்டும் என்லார்ஜரின் கீழே கையையும் அட்டையையும் காட்டி வெளிச்சத்தை மறைத்ததும் கூட்டியதும்தான். பெயர்கள் பிழைத்தன, அழுத்தம் தொலைந்தது. மௌஸுக்குத் தெரிந்தது இரண்டே நிலை: அழுத்தியிருக்கிறது, அழுத்தவில்லை. தொலைந்துபோன அந்த அழுத்தத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான் டேப்லெட்டின் வேலை.

கடையில் ‘டேப்லெட்’ என்று மட்டும் கேட்டால் குழப்பம் வரும். மருந்துக் கடையில் மாத்திரை கிடைக்கும். மொபைல் கடையில் பெரிய ஃபோன் கிடைக்கும். இங்கே சொல்வது சிலேட்டைப் போன்ற ஒரு பலகை. யு.எஸ்.பி. கம்பியில் கம்ப்யூட்டருடன் இணையும். அதன்மேல் பேனா நகர்ந்தால் மானிட்டரில் அம்புக்குறி நகரும். பலகைக்கு அடியில் உள்ள கம்பி வலை மின்காந்த அலையை அனுப்புகிறது. பேனாவுக்குள் இருக்கும் சுருள் அதை வாங்கித் திருப்பி அனுப்புகிறது. இதனால் பேனாவுக்கு பேட்டரி தேவையில்லை. 1983ல் ஜப்பானில் தொடங்கப்பட்ட வாகாம் இந்த முறையால் பெயர் பெற்றது. இப்போது சீனாவின் ஹுயியான், எக்ஸ்பி-பென் போன்றவையும் பேட்டரி இல்லாத பேனாவைக் குறைந்த விலையில் தருகின்றன. புதிதாக வாங்குபவர் பேட்டரி போடும் பேனாவை ஒதுக்கிவிடலாம். கனம் அதிகம். பாதி வேலையில் தீர்ந்தும் போகும்.

எண்களின் மயக்கம்

டில்லி நேரு பிளேஸ், மும்பை லேமிங்டன் ரோடு, சென்னை ரிச்சி தெரு, பெங்களூர் எஸ்.பி. ரோடு. எங்கே போனாலும் கடைக்காரர் முதலில் சொல்வது ஓர் எண்ணைத்தான்: “இது 8,192 பிரஷர் லெவல் சார். அது வெறும் 2,048தான்.” நாலு மடங்கு உயர்வு என்று தோன்றும். சமீப காலத்தில் 16,384ம் வந்துவிட்டது.

பேனாவை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை டேப்லெட் எத்தனை படிகளாகப் பிரிக்கிறது என்பதே இந்த எண். ஒரு சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் இருட்டிலிருந்து வெளிச்சம் வரை மொத்தமே 256 படிகள்தான். அதற்கு 2,048 படிகளுள்ள பேனா தாராளம். புகைப்படம் திருத்தும் கை 2,048க்கும் 8,192க்கும் உள்ள வேறுபாட்டை உணர்வது அநேகமாக இல்லை. சாய்வு உணரும் வசதியும் அப்படித்தான். ஓவியருக்குப் பயன்படும். முகத்தில் உள்ள பருவை எடுப்பவருக்கு அதனால் பெரிய லாபம் இல்லை.

பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிடாத ஒரு விஷயம்தான் முக்கியம்: எவ்வளவு லேசாகத் தொட்டால் பேனா பேச ஆரம்பிக்கிறது? சில பேனாக்களைச் சற்று அழுத்தினால்தான் கோடு விழும். டச்சிங் வேலையில் உயிரே அந்த முதல் தொடுகையில் இருக்கிறது. கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். பேனாவின் கனம் மட்டுமே படும்படி பலகையில் இழுக்க வேண்டும். கோடு மெல்லியதாகத் தொடங்கி, அழுத்த அழுத்தச் சீராகத் தடித்தால் நல்லது. திடீரென்று தடித்தால் வேண்டாம்.

இரண்டாவது சோதனைக்கு ஓர் அடிக்கோல் போதும். அதைப் பலகையில் குறுக்காக வைத்து, பேனாவால் மிக மெதுவாக ஒரு கோடு இழுக்க வேண்டும். நேராக வந்தால் சரி. பாம்புபோல நெளிந்தால் பலகை பேனாவின் இடத்தைத் தடுமாறிப் படிக்கிறது என்று அர்த்தம். வேகமாக இழுத்தால் இந்தக் குறை தெரியாது. கடைக்காரர்கள் வேகமாகத்தான் இழுத்துக் காட்டுவார்கள்.

பெரியது நல்லதா?

அடுத்த கேள்வி அளவு. வாகாமின் சிறிய இன்டுவோஸ் டேப்லெட்டில் பேனா வேலை செய்யும் பரப்பு 152க்கு 95 மில்லிமீட்டர். நடுத்தர அளவில் 216க்கு 135. மானிட்டர் 24 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், சிறியதில் கை ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் திரையில் மூன்றரை சென்டிமீட்டர் நகரும். நடுத்தரத்தில் ஏறக்குறைய இரண்டரை.

புகைப்படம் திருத்துபவர் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, மணிக்கட்டை மட்டும் அசைத்து வேலை செய்கிறார். தோளிலிருந்து கை வீசி வரைகிற ஓவியருக்குத்தான் பெரிய பலகை தேவை. எனவே தினமும் ஒன்றிரண்டு படம் திருத்துபவருக்குச் சிறியது போதும். கல்யாண ஆல்பத்தோடு நாள் முழுக்க உட்காருபவருக்கு நடுத்தர அளவு சரி. அதற்கு மேல் போனால் மேஜையில் கீபோர்டுக்கு இடம் இருக்காது. கீபோர்டு இல்லாமல் இந்த வேலை நடக்காது. வலது கையில் பேனா, இடது கை கீபோர்டில். பிரஷ்ஷின் அளவை மாற்ற, படத்தை நகர்த்த, தப்பாகப் போட்டதை அழிக்க எல்லாவற்றுக்கும் இடது கைதான். டேப்லெட்டில் எத்தனை பொத்தான்கள் இருக்கின்றன என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

திரையோடு கூடிய டேப்லெட்டுகளும் உண்டு. படத்தின் மேலேயே பேனாவை வைக்கலாம். பார்த்தவுடன் ஆசை வரும். விலை பல மடங்கு. புகைப்பட வேலைக்கு இதில் மூன்று சங்கடங்கள். கை படத்தை மறைக்கிறது. நாள் முழுக்கக் குனிந்திருப்பதால் கழுத்து வலிக்கிறது. விலை குறைந்த திரைகளில் வண்ணம் நம்பும்படி இருப்பதில்லை. அந்தப் பணத்தை ஒரு நல்ல மானிட்டரில் போட்டுவிட்டு, சாதாரண டேப்லெட்டை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். மானிட்டரில் சிவப்பு தூக்கலாகத் தெரிந்தால் எத்தனை நல்ல பேனாவும் தப்பான திசையில்தான் திருத்தும்.

வாங்கும் முன் இன்னும் ஒரு விசாரணை: மாற்று முனையும் மாற்றுப் பேனாவும் உள்ளூரில் கிடைக்குமா? பிளாஸ்டிக் முனை தேய்ந்து கூராகிப் பலகையைக் கீற ஆரம்பிக்கும். அதற்கு முன் மாற்றிவிட வேண்டும். ஒரு கம்பெனியின் பேனா இன்னொரு கம்பெனியின் பலகையில் வேலை செய்யாது. பேனா தொலைந்தால் டேப்லெட் வெறும் பலகை. சில ஆயிரம் ரூபாயில் முடியும் முதல் டேப்லெட்டே பலருக்குப் பல வருடம் ஓடுகிறது. ஓடாமல் நிற்பது பெரும்பாலும் பேனா கிடைக்காத காரணத்தால்.

முதல் வாரத்துக் கசப்பு

வாங்கி வந்தவர்களில் கணிசமானவர்கள் ஒரு வாரத்தில் அதைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு மௌஸுக்குத் திரும்புகிறார்கள். காரணம், கை கீழே இருக்கிறது, கண் மேலே இருக்கிறது. பேனா எங்கே என்று குனிந்து பார்க்கும் பழக்கம் போக நாளாகும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் விசைகளைப் பார்க்காமல் அடிக்கக் கற்றவர்களுக்கு இது புரியும். முதல் சில நாட்கள் விரல் தடுமாறும். பிறகு விரலே வழி கண்டுபிடிக்கும். வழக்கமான வேலைகளையெல்லாம் இரண்டு வாரம் பேனாவாலேயே செய்து, மௌஸை மேஜையிலிருந்து எடுத்துவிடுவதே சுருக்கமான வழி.

கசப்பில் பாதி பேனாவின் தவறல்ல, அமைப்பின் தவறு. டேப்லெட் 16க்கு 10 என்ற விகிதத்தில் இருக்கும். மானிட்டர் 16க்கு 9. அப்படியே விட்டால் கை போடும் வட்டம் திரையில் முட்டையாகத் தெரியும். டிரைவரில் விகிதத்தைச் சமமாக்கும் கட்டம் ஒன்று உண்டு. அதை டிக் செய்தால் பலகையின் ஓரத்தில் கொஞ்சம் இடம் வீணாகும், ஆனால் வட்டம் வட்டமாகும். இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்கள் பேனாவை ஒரே மானிட்டருக்குக் கட்டிவிட வேண்டும். இடது கைக்காரர்கள் பலகையைத் திருப்பி வைத்து, டிரைவரிலும் அப்படியே சொல்லிவிடலாம்.

‘பேனா நகர்கிறது, ஆனால் அழுத்தம் வேலை செய்யவில்லை’ என்பது பரவலான புகார். விண்டோஸில் ஃபோட்டோஷாப் அழுத்தத்தை ‘விண்டோஸ் இங்க்’ என்ற வசதி வழியாகத்தான் வழக்கமாக வாங்குகிறது. டேப்லெட்டின் டிரைவரில் அது அணைந்திருந்தால் அழுத்தம் செத்துவிடும். பழைய டேப்லெட்டின் டிரைவரை நீக்காமல் புதியதை ஏற்றினாலும் இரண்டும் மோதிக்கொள்ளும். ஆப்பிள் கம்ப்யூட்டரில் டிரைவருக்கு அனுமதி தரச் சொல்லிக் கேட்கும். அவசரத்தில் மறுத்துவிட்டால் பேனா அசையாது. ஜிம்ப்பின் பழைய பதிப்புகளில் பேனாவை அமைப்புப் பகுதியில் தனியாக இயக்கிவிட வேண்டும். கெட்டுவிட்டது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகும் முன் இந்த நாலையும் பார்ப்பது நல்லது.

வாடகையா, சொந்தமா?

பேனா ஒருமுறைச் செலவு. சாஃப்ட்வேர் அப்படியல்ல. தாமஸ் நால், ஜான் நால் சகோதரர்கள் உருவாக்கிய ஃபோட்டோஷாப்பை அடோபி நிறுவனம் 1990 பிப்ரவரியில் வெளியிட்டது. 1994ல் படத்தை அடுக்குகளாகப் பிரிக்கும் ‘லேயர்’ வந்தது. 2002ல் தழும்பை எடுத்துச் சுற்றியுள்ள தோலோடு இணைக்கும் ‘ஹீலிங் பிரஷ்’ வந்தது. டச்சிங் தொழிலையே மாற்றியவை இந்த இரண்டும். 2013ல் இன்னொரு மாற்றம்: புதிய பதிப்புகளை விலைக்கு விற்பதை அடோபி நிறுத்திவிட்டது. 2012ல் வந்த சி.எஸ்.6தான் சொந்தமாக வாங்கக் கிடைத்த கடைசிப் பதிப்பு. அதற்குப் பிறகு சந்தாதான். கட்டுவதை நிறுத்தினால் சாஃப்ட்வேரும் நின்றுவிடும்.

ஆல்பம் தொழிலில் இருப்பவருக்கு ஃபோட்டோஷாப்பைத் தவிர்ப்பது கடினம். 12க்கு 36 அங்குல ஆல்பப் பக்கம் ஒன்றுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 3,600க்கு 10,800 பிக்சல். சுமார் 3 கோடியே 90 லட்சம். ஒரு லேயருக்கு மட்டும் 110 மெகாபைட்டுக்கு மேல். டிசைனரிடமிருந்து வருவதும் லேபுக்குப் போவதும் பி.எஸ்.டி. ஃபைல்களாக இருந்தால், அதே மொழி பேசும் சாஃப்ட்வேர் வேண்டும். மாதச் சந்தாவை ஒரு நாள் வேலையில் எடுத்துவிட முடியுமானால் வாடகை நியாயம்தான்.

முடியாதவர்களுக்கு வழி அடைபடவில்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இரண்டு மாணவர்கள் தொடங்கி 1996ல் வெளியான ஜிம்ப் இலவசம். அதன் பெரிய குறை, போட்ட மாற்றத்தைப் பிறகு திருத்த முடியாது என்பது. 2025ல் வந்த 3.0 பதிப்பு அந்தக் குறையைப் பெருமளவு போக்கிவிட்டது. 2015ல் பிரிட்டனில் தொடங்கிய அஃபினிட்டி ஃபோட்டோ, ஒரே விலையில் சொந்தமாகக் கிடைத்ததால் பெயர் பெற்றது. 2024ல் கேன்வா அதை வாங்கியது. 2025 அக்டோபரிலிருந்து அது இலவசம். கறுப்பு வெள்ளைக்கு வண்ணம் தீட்டும் வேலைக்கு கிரிட்டா பொருத்தம். அடிப்படையில் அது ஓவியருடைய கருவி, பேனாவை நன்றாகப் புரிந்துகொள்ளும். கல்யாணத்தில் எடுத்த 2,000 படங்களைப் பிரித்து வெளிச்சம் சரிசெய்ய லைட்ரூமோ, இலவசமான டார்க்டேபிளோ போதும். அங்கே பேனாவுக்கு அவ்வளவு வேலை இல்லை.

இந்திய ஸ்டூடியோக்களில் பல வருடங்களாக ஓடியது நாலாவது வகை: திருட்டுப் பிரதி. ஐம்பது ரூபாய் சி.டி.யில் ஆரம்பித்த பழக்கம் அது. இலவசமாக நல்ல சாஃப்ட்வேர் கிடைக்கும் காலத்தில் அதற்குச் சாக்கு இல்லை. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பூட்டை உடைக்கக் கூடவே வரும் சின்ன புரோகிராம், ஒரு நாள் கம்ப்யூட்டரில் உள்ள படங்களையெல்லாம் பூட்டிப்போட்டுப் பணம் கேட்கலாம். அவை அடுத்தவர் வீட்டுக் கல்யாணப் படங்கள்.

எந்த சாஃப்ட்வேராக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பத்து வருடம் கழித்து இந்த ஃபைல் திறக்குமா? வேலை முடிந்ததும் அதன் ஒரு பிரதியை டிஃப் வடிவத்தில் தனியே போட்டுவைப்பவருக்கு அந்தக் கவலை பெருமளவு குறைவு. எந்தச் சாஃப்ட்வேரும் அதைத் திறக்கும்.

எதைத் தொடக்கூடாது

கருவி கையில் வந்த பிறகுதான் உண்மையான பரீட்சை. மூலப்படம் உள்ள லேயரைத் தொடவே கூடாது. வேலையெல்லாம் அதன்மேல் போட்ட வேறு லேயர்களில். பிரஷ்ஷின் ‘ஃப்ளோ’ மூன்று முதல் ஐந்து சதவீதம். அழுத்தத்தை அந்த ஃப்ளோவுடன் இணைத்துவிட்டால் பேனா பழைய பென்சிலாகிவிடும். ஒரு தடவினால் தெரியாது, பத்து தடவினால் நிழல் மெல்ல விலகும். கூந்தல், மல்லிகைச் சரம், புடவையின் ஓரம் போன்றவற்றைப் பின்னணியிலிருந்து பிரிக்கும்போது மட்டும் அழுத்தத்தைப் பிரஷ்ஷின் அளவோடு இணைக்க வேண்டும். வேரில் தடித்து நுனியில் மெலியும் முடியை மௌஸால் ஒருபோதும் போட முடியாது.

அவசரக்காரர்கள் இந்த வேலைக்கு வேறு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். முகம் முழுவதையும் மங்கலாக்கிவிடுவது. பருவோடு சேர்ந்து தோலின் துளைகளும் போய், மணப்பெண் மெழுகு பொம்மையாகிவிடுவார். அதோடு நிற்பதில்லை. இரண்டு படி வெளுப்பும் ஏற்றுகிறார்கள். பல வீடுகளில் கேட்டே ஏற்றச் சொல்கிறார்கள். 2020ல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்ற களிம்பு தன் பெயரை ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று மாற்றிக்கொண்டது. கல்யாண ஆல்பங்கள் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. மாநிறப் பெண்ணின் கல்யாண ஆல்பத்தில் அவருடைய கழுத்தும் கையும் ஒரு நிறம், முகம் வேறு நிறம். இருபது வருடம் கழித்து அவருடைய மகள் ஆல்பத்தைப் புரட்டும்போது ‘இது யாரும்மா?’ என்று கேட்டால் ஆச்சரியமில்லை.

பேனாவின் மெதுவான வேகம் இங்கே ஒரு பாதுகாப்பு. ஒவ்வொரு புள்ளியாகப் போகிறவருக்கு, இது போக வேண்டியதா, இருக்க வேண்டியதா என்று யோசிக்க நேரம் கிடைக்கிறது. நேற்று வந்த பரு போகலாம். பிறவி மச்சம் இருக்க வேண்டும். தூக்கமில்லாத இரவின் கருவளையம் குறையலாம். சிரிக்கும்போது விழும் கன்னக்குழி குறையக்கூடாது.

இயந்திரத்தை முற்றாக ஒதுக்கவும் வேண்டியதில்லை. 2020ல் ஃபோட்டோஷாப்பில் ‘நியூரல் ஃபில்டர்’கள் வந்தன. 2023ல் இல்லாததை உருவாக்கிக்கொடுக்கும் ‘ஜெனரேடிவ் ஃபில்’ வந்தது. கிழிந்துபோன மூலை, பின்னணித் திரை, பூஞ்சை தின்ற சட்டைக் கை ஆகியவற்றை அது நிமிடத்தில் நிரப்பும். அங்கே மணிக்கணக்கில் பேனா பிடிப்பது வீண். சட்டையின் சுருக்கம் எப்படி இருந்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை. முகத்தின் எல்லை வந்ததும் நிறுத்திக்கொள்வதுதான் தொழில் தெரிந்தவரின் அடையாளம். அதற்கு மேல் கை.

அந்த மூதாட்டியின் படத்துக்குத் திரும்பினால், வேலை இப்படிப் போகும். மடிப்பின் இரு புறமும் புருவம் மிஞ்சியிருக்கிறது. இடையில் உள்ள இடைவெளியை, பக்கத்திலிருக்கும் முடியின் போக்கைப் பார்த்து, ஒவ்வொரு கோடாகப் பேனா நிரப்பும். சேதமான கண்ணோரத்துக்கு மற்றொரு கண் சாட்சி. ஆனால் அதை அப்படியே திருப்பி ஒட்டக்கூடாது. எந்த மனிதருக்கும் இரண்டு கண்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. வேறு படத்தில் அவர் எங்காவது நிற்கிறாரா என்று கேட்டுப் பார்க்கலாம். ஒரு கல்யாணக் கூட்டத்தின் பின் வரிசையில் நகத்தளவு முகம் இருந்தால்கூட உதவும். எதுவும் கிடைக்காவிட்டால், தெரியாத இடத்தைத் தெரியாததாகவே சற்று மங்கலாக விட்டுவிடுவது நேர்மை. கண்டுபிடித்து எழுதிய தெளிவைவிட அந்த மங்கல் அந்தக் குடும்பத்துக்கு உண்மையானது.

இதற்கு ஒரு மாலை நேரம் ஆகலாம். டேப்லெட் சில ஆயிரம் ரூபாய், சாஃப்ட்வேர் இலவசமாகவே இருக்கலாம். மறுநாள் பிரின்ட்டைக் கையில் வாங்கும் அந்தப் பெண்மணி அழுத்தப் படிகள் எத்தனை என்று கேட்கமாட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் பார்ப்பார். “அவரேதான்” என்று சொன்னால் வாங்கிய கருவி சரியானது.